4.3 வாங்கிய புத்தகமும் 3.6 வாங்கிய புத்தகமும்: யார் பேச்சைக் கேட்டுப் படிப்பது?

மேஜையில் இரண்டு புத்தகங்கள் கிடக்கின்றன. ஒன்று மர்ம நாவல். வாசகர்கள் போட்ட மதிப்பெண்ணின் சராசரி 4.3. இன்னொன்று ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதையைச் சொல்லும் தடித்த நாவல், அதற்கு 3.6. முதலாவதில் 94-ஆம் பக்கத்தில் செருகிய பஸ் டிக்கெட் மூன்று வாரமாக நகரவில்லை. இரண்டாவதை ஐந்து ராத்திரியில் முடித்துவிட்டுக் கடைசி அத்தியாயத்தை மட்டும் மறுபடி படித்தேன்.

மர்ம நாவலை வாங்க வைத்தது அந்த 4.3தான். 3.6-ஐ வாங்க வைத்தது ஒருவர் திட்டியது. அவர் என்ன திட்டினார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து என்ன படிப்பது என்று முடிவு செய்ய நமக்கு இருக்கும் வழிகள் சுமார் ஐந்து: நட்சத்திரச் சராசரி, வாசகர்கள் எழுதும் மதிப்புரை, பரிசும் விமர்சகர் கருத்தும், தெரிந்தவர் பரிந்துரை, நாமே நாலு பக்கம் புரட்டிப் பார்ப்பது. ஐந்தையும் மாற்றி மாற்றி நம்பியிருக்கிறேன், ஏமாந்தும் இருக்கிறேன். நான் கண்டவரை, எதை நம்புவது என்பது புத்தகம் எந்த வகை என்பதைப் பொறுத்தது. துப்பறியும் கதைக்குக் கைகொடுக்கும் வழி, கவிதைத் தொகுப்பில் காலை வாரிவிடும்.

3.6 என்றால் என்ன?

இந்த எண் இரண்டு விதமாக வரலாம். படித்தவர்களில் பெரும்பாலோர் 3 அல்லது 4 போட்டிருக்கலாம். யாரையும் உலுக்காத, யாருக்கும் எரிச்சல் தராத புத்தகம் அது. இல்லையென்றால் பாதிக்குச் சற்று அதிகமானோர் 5 போட்டு, மற்றவர்கள் 2 போட்டிருக்கலாம். அது சண்டை மூட்டிவிடும் புத்தகம். சராசரியில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். எண்ணுக்குக் கீழே, எத்தனை பேர் எத்தனை நட்சத்திரம் போட்டார்கள் என்று காட்டும் பட்டைகள் இருக்கும். அங்கேதான் இரண்டும் பிரியும். மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும் நீளமாக இருக்கும் புத்தகத்தைப் பார்த்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன். நடுப்பட்டை மட்டும் தடித்திருந்தால் அவசரமில்லை என்று தள்ளிவைப்பேன்.

அதோடு, நட்சத்திரம் போடுகிற எல்லோரும் ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு போடுவதில்லை. 2007-இல் தொடங்கி 2013-இல் அமேசான் கைக்குப் போன குட்ரீட்ஸ் என்ற வாசகர் மதிப்பீட்டுத் தளத்தில், 1 என்றால் பிடிக்கவில்லை, 2 என்றால் பரவாயில்லை, 3 என்றால் பிடித்திருந்தது. அதாவது ஐந்தில் ஒன்றே ஒன்றுதான் திட்டு. ஆனால் பலர் இதைக் கவனிக்காமல் பரீட்சை மார்க் போலப் போடுகிறார்கள்; அவர்கள் கணக்கில் 3 என்பது பார்டரில் பாஸ். ஒரே மூன்று நட்சத்திரம் ஒருவர் கையில் பாராட்டு, அடுத்தவர் கையில் குட்டு. ஸ்டோரிகிராஃப் என்ற இன்னொரு வாசகர் தளம் கால் நட்சத்திரம் வரை போட விடுகிறது. 3.75 போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகும் மனிதரை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஆனாலும் அவரைத்தான் அதிகம் நம்புவேன்.

சரி, யார் போடுகிறார்கள்? ஒரு புத்தகத்தை வாங்குகிறவர் ஏற்கெனவே அதன்மேல் பாதி ஆசைப்பட்டவர். படித்தபின் மெனக்கெட்டு மதிப்பிடுகிறவர், மிகவும் ரசித்தவராகவோ கடுப்பானவராகவோ இருப்பார். 'ஏதோ இருந்தது' என்று மூடி வைத்தவர் பேசாமல் போய்விடுவார். அமேசான் மதிப்பீடுகளைப் பற்றி 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத்தான் காட்டியது: ஐந்தில் பெரிய கூட்டம், ஒன்றில் சின்னக் கூட்டம், நடுவில் பள்ளம். புத்தகங்களை மட்டும் எடுத்துக்கொண்ட 2008-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, வெளியான புதிதில் வரும் மதிப்பீடுகள் தூக்கலாக இருந்து நாளடைவில் இறங்குவதைக் கண்டது. முதல் வாரத்தில் ஓடி வருபவர்கள் அந்த எழுத்தாளரின் ரசிகர்கள். பொதுவாசகர் பின்னால்தான் வருவார். அதனால் புதுப் புத்தகத்தின் 4.5-ஐ நான் மனதுக்குள் கொஞ்சம் கழித்துக்கொள்வேன்.

தொடர் நாவல்களில் இது இன்னும் வேடிக்கை. முதல் பாகத்துக்கு 3.9, இரண்டாவதுக்கு 4.1, நான்காவதுக்கு 4.4 என்று ஏறிக்கொண்டே போகும். எழுத்து மெருகேறியிருக்கலாம். முதல் பாகம் பிடிக்காதவர்கள் அங்கேயே இறங்கிவிட்டார்கள் என்பதுதான் பெரும்பாலும் உண்மைக் காரணம். நான்காவதுக்கு மதிப்பெண் போடுபவர்கள் எல்லாம் கடைசி ஸ்டாப்பிங் வரை டிக்கெட் எடுத்தவர்கள். தொடர் நாவலைத் தொடங்கலாமா என்று யோசித்தால் முதல் பாகத்தின் எண்ணை மட்டும் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சராசரி உதவும் இடங்கள் உண்டு. மர்மக்கதை, காதல் கதை, திகில் கதை ஆகியவை வாசகருக்கு முன்கூட்டியே ஒரு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கின்றன. கொலை நடந்தால் கொலையாளி தெரிய வேண்டும். காதல் நாவல் என்றால், காதல்தான் கதையின் மையம், முடிவு மனதுக்கு நிறைவாக இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்கள் சங்கமே வரையறுத்து வைத்திருக்கிறது. வாக்கைக் காப்பாற்றியதா இல்லையா என்பதில் ஆயிரம் பேர் ஓரளவு ஒத்துப்போவார்கள். அதனால் அந்த ஆயிரம் பேரின் சராசரிக்கு அர்த்தம் இருக்கிறது. என் 4.3 மர்ம நாவலும் வாக்குத் தவறவில்லை என்றே நினைக்கிறேன். அந்த வாக்கு எனக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

திட்டுபவர்களைப் படிக்கும் சுகம்

மதிப்புரைகளில் நான் முதலில் தேடுவது ஒரு நட்சத்திரக்காரர்களை. 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அமேசானிலும் இன்னொரு பெரிய புத்தக விற்பனைத் தளத்திலும் வந்த மதிப்புரைகளை விற்பனையோடு ஒப்பிட்டுப் பார்த்தது. ஐந்து நட்சத்திரம் விற்பனையைத் தூக்குவதைவிட, ஒரு நட்சத்திரம் கெடுப்பது அதிகம் என்று தெரிந்தது. அதாவது நாம் திட்டுக்குப் பயப்படுகிறோம். என்னைக் கேட்டால், காரணம் சொல்லித் திட்டுபவரைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

'இருநூறு பக்கம் வரை ஒன்றும் நடக்கவில்லை.' 'ஒரு பாத்திரம்கூட நல்லவர் இல்லை.' 'பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு, தலை சுற்றுகிறது.' இவை மூன்றும் கோபத்தில் எழுதியவை. ஆனால் புத்தகத்தைப் பற்றிய மூன்று துல்லியமான தகவல்கள் இவற்றில் இருக்கின்றன. அந்தத் தகவல் நல்லதா கெட்டதா என்பதை நான் முடிவு செய்துகொள்ளலாம். அடிக்குறிப்பு நிறைந்த வரலாற்று நூல் என்றால் எனக்குக் கொண்டாட்டம். இதற்கு நேர்மாறாக, 'அற்புதம்! ஒரே மூச்சில் படித்தேன்! எல்லோரும் படிக்க வேண்டும்!' என்ற ஐந்து நட்சத்திரத்தில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. 'மொக்கை, வேஸ்ட்' என்பதிலும் ஒன்றுமில்லை. 'பார்சல் ஓரம் கிழிந்து வந்தது' என்று எழுத்தாளருக்கு ஒரு நட்சத்திரம் போட்டவரைப் பற்றி என்ன சொல்ல!

கலவையான கருத்துகளைத் தொடர்ந்து படித்தால் ஒன்று புரியும். கோபத்தில் பாதி அட்டையின் மேல்தான். சஸ்பென்ஸ் என்று அட்டையில் போட்டு விற்ற நாவல், உள்ளே ஒரு விதவையின் தனிமையைப் பற்றி இருந்தால், மர்மம் தேடி வந்தவர் 1 போடுகிறார். தற்செயலாக எடுத்தவர் 5 போடுகிறார். இருவரும் சொல்வது சரிதான். இருவரும் வெவ்வேறு கடையில் வெவ்வேறு பொருள் கேட்டவர்கள். அதனால் மதிப்புரையில் நான் கவனிப்பது, எழுதியவர் எதை எதிர்பார்த்து உள்ளே போனார் என்பதை. மூன்று நட்சத்திரக்காரர்கள் பெரும்பாலும் இதை ஒளிக்காமல் எழுதுவார்கள்: 'முதல் பாதி நன்றாகப் போனது, பிறகு வேறு கதையாகிவிட்டது.' அந்த 'வேறு கதை' எனக்குப் பிடித்த கதையாக இருந்தால் வாங்கிவிடுவேன்.

சில நேரம் படித்த புத்தகமே வேறாக இருக்கும். ஹெர்மன் மெல்வில்லின் 'மோபி டிக்' நாவல் 1851 அக்டோபரில் லண்டனில் 'தி வேல்' (திமிங்கிலம்) என்ற பெயரில் முதலில் வந்தது. கப்பல் மூழ்கிய பிறகு கதைசொல்லி எப்படி உயிர் தப்பினான் என்று சொல்லும் பின்னுரை அந்தப் பதிப்பில் விடுபட்டுப் போயிருந்தது. எல்லோரும் செத்துவிட்டால் இந்தக் கதையை யார் சொல்வது என்று சில விமர்சகர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், அவர்கள் கையில் இருந்த பிரதியைப் பொறுத்தவரை. இன்றும் இந்தச் சிக்கல் இருக்கிறது. குட்ரீட்ஸ் ஒரு நூலின் எல்லாப் பதிப்புகளையும் மொழிபெயர்ப்புகளையும் சேர்த்தே சராசரி காட்டுகிறது. மூலத்தைப் படித்தவர் போட்ட ஐந்தும், தட்டையான மொழிபெயர்ப்பைப் படித்தவர் போட்ட இரண்டும் ஒரே பானையில் விழுகின்றன. மொழிபெயர்ப்பு நாவல் வாங்கும்போது, எந்த மொழிபெயர்ப்பாளர் என்று குறிப்பிட்டு எழுதிய ஒரே ஒரு மதிப்புரை, பொத்தாம்பொதுவான ஐம்பதுக்குச் சமம்.

ஆனால் மர்மக்கதைக்கு மட்டும் நீண்ட மதிப்புரை படிக்க மாட்டேன். முடிவை முன்பே தெரிந்துகொண்டவர்கள் கதையை இன்னும் அதிகமாக ரசித்தார்கள் என்று 2011-இல் ஓர் உளவியல் ஆய்வு சொன்னது. அதில் கொடுக்கப்பட்ட 12 சிறுகதைகளில் மர்மக்கதைகளும் இருந்தன. பிறகு வந்த ஆய்வுகளில் எதிர் முடிவும் உண்டு. ஆய்வு எதைச் சொன்னாலும் சரி, கொலையாளி பெயரை எனக்கு முன்கூட்டியே சொல்பவருடன் பேச்சுவார்த்தை கிடையாது.

பரிசும் விமர்சகரும்

பரிசு வாங்கிய நாவலை நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். இதற்கு ஒரு காரணத்தை 2014-இல் பலாஜ் கோவாச்சும் அமண்டா ஷார்கியும் எழுதிய ஆய்வு காட்டுகிறது. பரிசு பெற்ற நூல்களையும், இறுதிப் பட்டியல் வரை வந்து பரிசைத் தவறவிட்ட நூல்களையும் ஜோடி ஜோடியாக 64 நூல்கள் எடுத்து, குட்ரீட்ஸ் மதிப்பீடுகளைப் பார்த்தார்கள். பரிசு அறிவித்தபின், வென்ற நூல்களின் மதிப்பீடுதான் அதிகம் இறங்கியது. அந்த மாதிரி எழுத்து தன் ருசிக்கு ஒத்துவருமா என்று யோசிக்காமல், பரிசின் பெயரைப் பார்த்துக் கூட்டம் வந்ததுதான் முக்கியக் காரணம். ஆகவே பரிசு பெற்ற நாவலின் 3.5-ஐப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. அதே நேரம் பரிசை வேதவாக்காகவும் எடுக்க வேண்டாம். 2019-இல் புக்கர் பரிசு நடுவர்கள் ஐந்து பேரும், ஒருவருக்குத்தான் தர வேண்டும் என்ற விதி இருந்தும், ஒன்றில் முடிக்க முடியாமல் இருவருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

விமர்சகர் கட்டாயம் தேவைப்படுவது வரலாறு, அறிவியல், மருத்துவம் போன்ற நூல்களுக்கு. இங்கே பத்தாயிரம் வாசகர்களைவிட, துறை தெரிந்த ஒருவர் பெரியவர். நடை சுகமாக இருந்ததா என்று வாசகரால் சொல்ல முடியும். சொன்னது உண்மையா என்று சொல்ல அவருக்கு வழியில்லை. 2002-இல் பொருளாதார நோபல் பெற்ற டேனியல் கானமன், மனிதர் யோசிக்கும் விதம் பற்றி 2011-இல் எழுதிய நூல் உலகமெங்கும் கொண்டாடப்பட்டது. அதில் ஓர் அத்தியாயத்துக்கு ஆதாரமாக இருந்த சோதனைகள் மறுபடி செய்து பார்த்தபோது தடுமாறின. சிறிய ஆய்வுகள்மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்துவிட்டேன் என்று 2017-இல் அவரே ஒப்புக்கொண்டார். அதற்கு முன்பே விழுந்துவிட்ட நட்சத்திரங்களுக்கு இது எப்படித் தெரியும்? பத்து வருடப் பழைய அறிவியல் நூல் வாங்குவதற்கு முன், பிறகு யாராவது மறுத்து எழுதியிருக்கிறார்களா என்று ஒரு தேடல் போட்டுவிடுவது நல்லது.

தன்வரலாறு இன்னொரு தனி ரகம். அதற்கு விழும் நட்சத்திரம் பெரும்பாலும் எழுதியவரின் வாழ்க்கைக்கோ அரசியலுக்கோ விழுந்தது. சராசரியை அப்படியே விட்டுவிட்டு, அவரை ஏற்கெனவே பிடிக்காத ஒருவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். 'ஆளைப் பிடிக்காது, ஆனால் புத்தகத்தை முடித்துவிட்டேன்' என்று அவர் சொன்னால் அது நல்ல தன்வரலாறு.

மழை பெய்யும் நாவல்

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ஒரே அலுவலகத்தில் பத்து வருடம் வேலை பார்த்தோம். வேகமாகப் போகும் கதை மட்டும்தான் அவருக்கு ஆகும். அந்த மூன்று தலைமுறை நாவல் பற்றி நான் கேட்டபோது அவர் சொன்னது இது: "அதைத் தொடாதீங்க, செத்துடுவீங்க. நூறு பக்கத்துக்கு மழை மட்டுமே பெய்யுது. ஒருத்தர் வாசல்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்காரு."

அன்று மாலையே ஆர்டர் போட்டேன்.

பரிந்துரைக்கு, நம்மைப் போலவே ரசனை உள்ளவர்தான் வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ரசனை ஒத்துப்போவதைவிட, அவர் ரசனை நமக்கு நன்றாகத் தெரிந்திருப்பது முக்கியம். பத்து வருடமாக அவர் எதற்குச் சிரிப்பார், எதற்குக் கொட்டாவி விடுவார் என்று பார்த்திருக்கிறேன். அவர் 'இழுவை' என்றால் எனக்குத் திசை தெரிந்துவிடும். முகம் தெரியாத ஆயிரம் பேர் சேர்ந்தாலும் இந்தத் தெளிவு வராது. இலக்கிய நாவலுக்கு இந்த வழிதான் எனக்கு முதலிடம். அப்படிப்பட்ட நாவல் முன்கூட்டி எந்த வாக்கும் கொடுப்பதில்லை; ஆளுக்கு ஆள் வேறு புத்தகமாக மாறிவிடும்.

நண்பர் வழியிலும் ஓட்டை உண்டு. சிலர் பத்தொன்பது வயதில் படித்து அழுத புத்தகத்தை நாற்பத்தைந்தில் நமக்குச் சிபாரிசு செய்வார்கள். அன்றைக்கு அழுதவர் இன்று அவரிலேயே இல்லை. 'கடைசியாக எப்போது படித்தீர்கள்?' என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். அப்புறம் அந்தத் தொல்லை: இரவல் கொடுத்த மறுவாரமே 'முடிச்சாச்சா?' என்று விசாரிப்பு வரும். பிடிக்காத புத்தகத்தைப் பிடித்தது என்று நான் பொய் சொன்னதெல்லாம் இரவல் புத்தகங்களுக்குத்தான்.

நாமே புரட்டிப் பார்த்தால்?

எல்லாவற்றையும்விட இதுதான் நேர்மையான வழி என்று தோன்றும். அமெரிக்க நூலகர் நான்சி பெர்ல் இதற்கு ஒரு கணக்கே சொல்லியிருக்கிறார். ஐம்பது பக்கம் படி, பிடிக்காவிட்டால் விட்டுவிடு. ஐம்பது வயதைத் தாண்டியவர், நூறிலிருந்து வயதைக் கழித்து அத்தனை பக்கம் படித்தால் போதும். 62 வயதுக்காரருக்கு 38 பக்கம். வயது ஏற ஏறப் பொறுமைக்கான கடமை குறைகிறது. எனக்குப் பிடித்த கணக்கு.

ஆனால் இதுவும் எல்லா வகைக்கும் பொருந்தாது. வேறு உலகத்தைப் படைக்கும் மாயாஜாலக் கதைகளில் முதல் ஐம்பது பக்கம் பெயர்களும் வரைபடமும் ராஜ வம்சங்களும்தான். அங்கே ஐம்பதில் நிறுத்துவது, சினிமாவில் பெயர் போடும்போதே எழுந்து வருவது மாதிரி. சுயமுன்னேற்ற நூல்களில் நேர்மாறு: முதல் அத்தியாயம்தான் ஜோராக இருக்கும், பிறகு அதையே பத்து விதமாகச் சொல்வார்கள். அதனால் அவற்றை நடுவில் திறக்க வேண்டும். 130-ஆம் பக்கத்தில் புதிதாக ஒரு விஷயம் இருந்தால் வாங்கலாம். இந்த வகையில் வாசகர் மதிப்பீட்டை நான் அறவே நம்புவதில்லை. படித்து முடித்த அன்று ராத்திரி, நாளை அதிகாலை நாலரைக்கு எழுந்துவிடுவோம் என்ற உற்சாகத்தில் போட்ட ஐந்து நட்சத்திரங்கள் அவை. ஆறு மாதம் கழித்து எழுதிய மதிப்புரை கிடைத்தால் மட்டும் ஒரு நிமிடம் நிற்பேன். வரலாற்று நூலில் முதல் பக்கத்தைவிடக் கடைசிப் பக்கங்கள் அதிகம் பேசும்: சான்றுப் பட்டியலும் சொல்லடைவும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள்.

கவிதைக்கு மட்டும் யாரையும் கேட்காதீர்கள். எங்காவது திறந்து மூன்று கவிதை படியுங்கள். அதில் ஒரு வரி பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தால் தொகுப்பை வாங்கலாம். வராவிட்டால் ஐந்து நட்சத்திரமும் ஒன்றும் செய்யாது.

இப்போதெல்லாம் என் முறை இப்படி ஆகிவிட்டது. வாக்குக் கொடுத்து எழுதும் கதை வகைகளுக்குச் சராசரியும் பட்டைகளும். இலக்கிய நாவலுக்கு நண்பர், அவர் கிடைக்காவிட்டால் காரணம் சொல்லித் திட்டிய இரண்டு பேர். தகவல் நூலுக்குத் துறை தெரிந்தவர். மீதி எல்லாவற்றுக்கும் என் விரல்.

மர்ம நாவலை அந்த நண்பரிடமே கொடுத்துவிட்டேன். பஸ் டிக்கெட்டை எடுக்க மறந்துபோனேன். இரண்டாம் நாள் ராத்திரி பதினொன்றேகாலுக்குப் போன் வந்தது. "94-ஆம் பக்கத்துலயா நிறுத்துனீங்க? 95-லதாங்க அந்தப் பொணமே எந்திரிக்குது!"